மொட்டைத் தலைக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும்

எங்கள் சர்வீஸ் சென்டரில் என் மாமாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முடிச்சு என்பார்கள். மரியாதை கொஞ்சம் கூடினால் முடிச்சு சார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். நான் அங்கே உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். நட்டு, போல்ட், வடிகட்டி, விளக்கு எல்லாம் என் அலமாரியில் இருக்கும். கையெழுத்துப் போட்ட படிவம் வந்தால் எடுத்துக் கொடுப்பேன். என் சன்னலுக்கு நேர் எதிரே மாமாவின் மேசை. பதினொரு வருஷமாக அந்த முகத்தை வேலையிலும் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிலும் பார்த்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். அதையே உத்தியோகமாகச் செய்து மாதச் சம்பளம் வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

மேசைமேல் 'உத்தரவாதப் பிரிவு' என்று பலகை இருக்கும். புது வண்டி வாங்கி இரண்டு வருஷத்துக்குள் ஏதாவது கெட்டுப் போனால் கம்பெனி இலவசமாக மாற்றித் தர வேண்டும். அது புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. வெளியார் பொருத்திய பாகத்தால் பழுது வந்தால் தர வேண்டியதில்லை. அது பதினாலாவது விதி, கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம், எறும்பு அளவு எழுத்தில். மாமா அந்தப் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். பத்தொன்பது வருஷத்தில் அவர் மேசையைத் தாண்டி ஒரு கோரிக்கை போனதில்லை. தாண்டிப் போனது மின்விசிறிக் காற்று மட்டும்தான்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. நாற்காலியிலிருந்து எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி வண்டியை ஒரு சுற்று சுற்றுவார். எங்கேயோ ஓரிடத்தில் நிற்பார். "ஆங்" என்பார். அந்த 'ஆங்' வந்துவிட்டால் வண்டிக்காரர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

ஒருமுறை ஒருவர் வைப்பர் ஓடவில்லை என்று வந்தார். மாமா சுற்றி வந்து, டேஷ்போர்டில் தலையாட்டிக்கொண்டிருந்த நாய் பொம்மையிடம் நின்றார்.

"ஆங். இது யார் வெச்சது?"

"என் பொண்ணு சார். சும்மா அழகுக்கு."

"இது தலையாட்டுற அதிர்வு நேரா வைப்பர் மோட்டாருக்குப் போயிருக்கு."

"சார், அது பேட்டரிகூட இல்லாத பொம்மை சார்!"

"பேட்டரி இல்லாம ஆடுதுன்னா அந்தச் சக்தி எங்கேருந்து வருது? உங்க வண்டிலேருந்துதானே?"

அந்த மனிதர் நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாய் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொருவருக்கு ஏசி குளிரவில்லை. பின்கண்ணாடியில் பிள்ளைகள் பெயரை ஒட்டியிருந்ததால் வெயில் குழம்பிப் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார். வெயில் குழம்புமா என்று அந்தப் பிள்ளைகளே கேட்டன. ஊரை விடுங்கள், என்னையே விடவில்லை. என் பைக்கில் சாவித் துவாரம் ஆறு மாசத்தில் தளர்ந்துபோனது. சாவிக்கொத்து கனமாக இருப்பதுதான் காரணம், சாவிக்கொத்து வெளிப்பொருள் என்று சொந்த மச்சானுக்கே கை விரித்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த எழுத்தில் அங்கங்கே கசிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், மனுஷன் ஏமாற்றவில்லை. தெரிந்தே பொய் சொன்னால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். மாமா தான் போட்ட முடிச்சை மனசார நம்பினார். வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் அதன் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைத்தான் முதலில் பார்ப்பார். அக்காவுக்குத் தும்மல் வந்தால், "புதுசா என்ன மாத்தினே?" என்பார். "புருஷனத்தான் மாத்தல, அதான் தும்மல் வருது" என்பாள் அக்கா.

ஆனால் அவர் பிறக்கும்போதே முடிச்சு இல்லை. முதலில் இதே கூடத்தில் மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் வைத்து, எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவாராம். முதுகில் தட்டு விலகியதும் டாக்டர் குனியாதே என்றுவிட்டார். கம்பெனி பெரிய மனசு பண்ணி நாற்காலி கொடுத்தது. உட்கார்ந்த முதல் வாரமே மூன்று பேருக்கு, கம்பெனி தப்புதான் என்று எழுதி இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்போதிருந்த மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, மாமாவை நடுவில் நிறுத்தி, அதைச் சத்தமாகப் படித்தார். அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கைகூட வைக்கவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறக்க ஆரம்பித்தார். சூடு கண்ட பூனை.

அக்காவின் கதை வேறு. அவள் கார் ஓட்டச் சொல்லித் தருகிறாள். ஒரே ஒரு கார், ஒரே ஒரு வாத்தியார், அதுதான் பள்ளி. மற்ற பள்ளிகளில் திட்டு வாங்கி, ஸ்டியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிற ஆட்கள் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வருவார்கள். வண்டியில் அவள் குரலை உயர்த்தவே மாட்டாள். "பதட்டப்படாதீங்க, மெதுவா, பின்னாடி பாத்து" என்று தேனாய்ப் பேசுவாள். அங்கே கத்தாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் மேல் கொட்டுவாள்.

பதினாலு மாசம் முன்பு பழைய வண்டியை விட்டு எங்கள் கம்பெனியிலேயே புதுக் கார் எடுத்தாள். கற்றுத் தருகிற காருக்கு வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வேண்டும். கம்பெனி அப்படிச் செய்து தராது. வெளியே கொடுத்துப் பொருத்த அக்காவுக்கு மனசில்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் இரண்டு விடுமுறை நாளில், டாக்டர் பேச்சைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துத் தன் கையாலேயே பொருத்தினார். வேலை முடிந்ததும் எழ முடியவில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். அன்றிலிருந்து புதிதாக யார் கற்றுக்கொள்ள வந்தாலும் அக்கா அந்தப் பெடலை மிதித்துக் காட்டி, "எங்க வீட்டுக்காரர் மாட்டினது, மலையிலயும் நிக்கும்" என்பாள்.

அப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை காலை, பல் டாக்டர் அம்மா ஒருவர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஊரார் பல்லை எல்லாம் அசராமல் பிடுங்குகிறவர், கியரைத் தொட்டால் கண்ணை மூடிக்கொள்வார். திருப்பத்தில் பவர் ஸ்டியரிங் பட்டென்று நின்று, சக்கரம் அம்மிக் கல்லாக இறுகிவிட்டது. டாக்டர் அம்மா, "நான் ஒண்ணுமே பண்ணலியே, நான் ஒண்ணுமே பண்ணலியே" என்று கண்ணை மூட, அக்கா தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். வண்டியின் மூக்கு ஒரு தபால் பெட்டியை முத்தமிடாத குறையாக நின்றது.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு பேருக்கு லைசென்ஸ் பரிசோதனை. பழகின வண்டியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், வேறு வண்டியில் ஏறினால் இந்தப் பதினொரு பேரும் இறங்கி ஓடிவிடுவார்கள். இந்தத் தேதியை விட்டால் மூன்று மாசம். எதிர்த் தெருவில் மூன்று கார் வைத்திருக்கும் பள்ளிக்காரர் அன்றைக்கு மத்தியானமே பதினொரு பேர் வீட்டிலும் துண்டுச் சீட்டு போட்டுவிட்டார். அவர்கள் போனால் அக்காவின் பள்ளியே போன மாதிரிதான். எட்டு வருஷ உழைப்பு.

அன்று சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். "நாளைக்கு வண்டிய உங்க சென்டருக்குக் கொண்டு வர்றேன்" என்றாள் அக்கா.

மாமா வாயில் சோற்றோடு, பழக்க தோஷத்தில், "அதுலதான் வெளிப்பொருள் இருக்கே" என்றுவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. நான் தட்டைப் பார்த்தேன். அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. வண்டியில் பேசுகிற குரலில் பேசினாள். "சரிங்க. வீட்ல எதுக்குப் பேசணும்? டோக்கன் போட்டுட்டு வந்து பேசறேன்."

மறுநாள் வண்டியை இழுத்து வந்து கூடத்தில் விட்டார்கள். பின்னாலேயே பஸ் பிடித்துப் பதினொரு பேரும் வந்தார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "டீச்சர் தனியா போறாங்களேன்னு" என்றார் ஒரு தையல்காரர். காத்திருப்பு அறையில் நாற்காலி போதவில்லை. அங்கே ஆயில் மாற்ற வந்து உட்கார்ந்திருந்தவர்களில் நாய் பொம்மைக்காரரும் ஒருவர்.

"டோக்கன் இருபத்திமூணு" என்றார் மாமா. குரல் கம்மியது.

அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள். "வணக்கம் சார்."

"வணக்கம்... மேடம். பேரு?"

"மறந்துபோச்சா? எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா?"

மாமா எழுதிக்கொண்டார். "உத்தரவாதப் புத்தகம்?"

"அலமாரில ரெண்டாவது தட்டுல ஒருத்தர் பத்திரமா வெச்சிருந்தாரு. இந்தாங்க."

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோரிக்கைகூட ஒப்புக்கொள்ளாத கிளைக்குத் தலைமை அலுவலகம் வருஷா வருஷம் கேடயம் கொடுக்கும். எங்கள் சுவரில் பத்தொன்பது தொங்குகின்றன. இருபதாவதுக்கு அவர் ஆணியே அடித்து வைத்துவிட்டார்.

மாமா எழுந்து கையைப் பின்னால் கட்டி வண்டியைச் சுற்றினார். அவர் மனசு வேண்டாம் என்றிருக்கும், கால் கேட்கவில்லை. வாத்தியார் பக்கக் கதவிடம் நின்றார். "ஆங்" வந்துவிட்டது. மேனேஜர் கண்ணாடிக்குள் சிரித்தார்.

"என்ன ஆங்?" என்றாள் அக்கா.

"இந்தப் பெடலோட கம்பி ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கமாப் போகுது. உரசி உரசி வயர் அறுந்திருக்கும்."

"பாத்தீங்களா?"

"பாக்க வேண்டியதில்ல மேடம். பதினாலாவது விதி. வெளியார் பொருத்திய பாகம்..."

"யாரு?"

"வெளியார்."

"இன்னொரு தடவ சொல்லுங்க, இவங்களுக்கும் கேக்கட்டும்."

மாமா படிவத்தை எடுத்தார். நெற்றியில் வேர்வை. படிவத்தில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. 'பாகத்தைப் பொருத்தியவர்' என்று போட்டு இரண்டு கட்டம். ஒன்று வெளியார், இன்னொன்று பணியாளர். வெளியார் என்று குறித்தால் அக்காவுக்கு வண்டி இல்லை, தன் வாயாலேயே தான் வெளியாள் என்றாகிவிடும். பணியாளர் என்று குறித்தால், கம்பெனி ஆள் வெளி வேலை செய்தார் என்று அவர் நாற்காலிக்கே வேட்டு. பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஆடியது.

அக்கா கையை நீட்டினாள். "வெளியார் ஒருத்தர்கிட்ட எங்க வீட்டுச் சாவி இருக்கு சார். அத வாங்கிக் குடுத்துடுங்க. கண்டவங்க கையில சாவி இருக்கிறது நல்லதில்ல."

அவள் விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. அவள் எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட யாரையும் பாதி வழியில் இறக்கிவிட்டதில்லை. இவர் இறக்கிவிடுகிறார்.

அப்போதுதான் மாமாவின் முகத்தில் வேறொரு பயமும் இருப்பதைக் கவனித்தேன். உரசியிருக்கும் என்று அவர் சொன்னது நிஜமாகவே இருந்துவிட்டால்? மாட்டியவரே அவர். தன் கையே அக்கா வண்டியைக் கெடுத்திருந்தால்? பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தன் முடிச்சு நிஜமா பொய்யா என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

என் சன்னலைப் பார்த்தார். "டார்ச் எடுத்துட்டு வா."

"மாமா, முதுகு..."

"எடுத்துட்டு வாடா."

சட்டைக் கையை மடித்தார். கதவைத் திறந்து, மல்லாந்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தார். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. பதினொரு பேரும் அவர் காலணியைச் சுற்றி நின்றார்கள். நான் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தேன்.

உள்ளே ஒரு சிவப்பு நாடா தெரிந்தது. புது வண்டி கொடுக்கிறபோது கம்பெனி அதன் தலையில் பெரிய சிவப்பு நாடா கட்டிக் கொடுக்குமே, அந்த நாடா. பெடல் மாட்டிய அன்று மாமா அதில் ஒரு துண்டை வெட்டி, கம்பி பக்கம் வயர் வந்துவிடாதபடி வயர்க் கட்டை ஒதுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார். கட்டின முடிச்சு கட்டினபடி இருந்தது. வயரில் ஒரு கீறல் இல்லை. கம்பிக்கும் வயருக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போகும்.

மாமா விட்ட மூச்சில் என் கையிலிருந்த டார்ச் ஆடியது.

"அப்ப எதால போச்சு?" என்றேன்.

"பின்னாடி வயர் சேர்ற சொருகி இருக்கு. அதப் பாக்கணும். இந்த முடிச்ச அவுத்தாத்தான் வயர் இறங்கும்."

அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. பதினாலு மாசம் இறுகிய முடிச்சு, அதுவும் அவர் போட்டது. நகத்தால் நெம்பினார். கடைசியில் பல்லால் கடித்தார்.

"சார், பல்லால வேண்டாம்! பல்லு போயிடும்!" என்று டாக்டர் அம்மா வெளியிலிருந்து கூவினார்.

அதற்குள் மேனேஜர் ஓடி வந்துவிட்டார். மாமாவின் காலணிகளைப் பார்த்துத்தான் பேசினார். "என்னய்யா பண்றீங்க? வெளிப்பொருள் இருக்கு, நிராகரிச்சு அனுப்ப வேண்டியதுதானே? பத்தொம்பது வருஷமா முடிச்சு முடிச்சுன்னு பேர் வாங்கிட்டு, பொண்டாட்டி வண்டின்னதும் முடிச்சவிக்கி ஆயிட்டீங்களே!"

முடிச்சவிக்கி என்றால் அடுத்தவன் மடியை அவிழ்த்துத் திருடுகிறவன். யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது. ஸ்பேனர் சத்தம்கூட நின்றது.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. அதில் சிவப்பு நாடா தொங்கியது. "ஆமா சார்" என்றது மாமாவின் குரல். "அவுத்துட்டேன்."

முதலில் சிரித்தது தையல்காரர். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை.

"நாடா கம்பெனி நாடாதான் சார்" என்று மாமா உள்ளிருந்தே தொடர்ந்தார். "வெளிப்பொருள் இல்ல." பிறகு என்னிடம், "புது சொருகி ஒண்ணு கொண்டா" என்றார். ஸ்டோருக்கு ஓடி எடுத்து வந்தேன். புதிதின் கழுத்தில் கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. வண்டியில் இருந்த சொருகியில் வளையம் இல்லை. வளையம் உட்கார்ந்த தடம்கூட இல்லை. தண்ணீர் இறங்கி உள்ளே பச்சையாய்ப் பூத்திருந்தது.

"இதுக்கு வளையம் பொறக்கும்போதே இல்ல சார்" என்றார் மாமா. "நம்ம தப்பு."

"பொண்டாட்டிக்காகச் சொல்றீங்க" என்றார் மேனேஜர்.

"வந்து பாருங்க சார். இடம் இருக்கு, பக்கத்துல படுத்துக்கலாம்."

மேனேஜர் படுக்கவில்லை. ஆனால் காத்திருப்பு அறையில் நாய் பொம்மைக்காரர் எழுந்துவிட்டார். "அப்ப என் நாய்க்கு என்ன பதில்? வீட்டம்மான்னா படுத்துப் பாப்பாரு, நாங்கன்னா நின்னே அனுப்பிடுவாரா?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

"தப்புதாங்க" என்று குரல் வந்தது. "நாளைக்குக் கொண்டாங்க. படுத்துப் பாக்கறேன். நாயையும் கொண்டாங்க."

பிறகு மாமா வெளியே வரப் பார்த்தார். வரமுடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. "ஐயோ" என்று மெல்லச் சொன்னார். மேனேஜரை ஒதுக்கிக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். ஒரு காலை அவள் பிடித்தாள், இன்னொன்றை என்னிடம் நீட்டினாள். "பதட்டப்படாதீங்க" என்றாள், தன் பள்ளிக் குரலில். "மெதுவா. கால மடக்குங்க. அவசரமே இல்ல. பின்னாடி பாத்து வாங்க." பதினொரு பேரும் அந்தப் பாடத்தை அறிந்தவர்கள் ஆகையால், "இன்னும் வரலாம், இன்னும் வரலாம், போதும்" என்று கூடவே சொன்னார்கள். மாமா பின்னோக்கி வந்து சேர்ந்தார். தலையில் சிலந்தி வலை. வாயில் நாடா நூல்.

பெஞ்சில் சாய்ந்தபடியே படிவத்தை எழுதினார். மேனேஜர் கையெழுத்துப் போடுவதற்குப் பேனாவைத் தேடுகிற பாவனையில் ஐந்து நிமிஷம் ஓட்டினார். டாக்டர் அம்மா சுவரில் இருந்த கேடயங்களைப் பார்த்துக்கொண்டே, "லைசென்ஸ் வந்ததும் நாங்க எல்லாரும் கார் வாங்கணும். எந்தக் கம்பெனின்னுதான் இன்னும் முடிவு பண்ணல" என்றார். பேனா உடனே கிடைத்தது.

படிவம் என் சன்னலுக்கு வந்தது. பாகம் எடுத்துக் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டியது என் வேலை. படித்தேன். 'பெடலுக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தம் இல்லை' என்று எழுதியிருந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுதாத வாக்கியம். கீழே, பாகத்தைப் பொருத்தியவர் என்ற வரியில் வெளியார் என்பதை அடித்திருந்தார். பணியாளர் என்பதையும் அடித்திருந்தார். இரண்டுக்கும் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, 'வீட்டுக்காரர்' என்று எழுதியிருந்தது.

நான் சிரித்தேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில் அலமாரிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டி இரண்டு நாளில் தயார். திங்கட்கிழமை பதினொரு பேரில் பத்துப் பேர் தேறினார்கள். டாக்டர் அம்மா முதல் ஆள், கண்ணைத் திறந்தே ஓட்டினாராம். தையல்காரர் மட்டும் வெற்றிக் களிப்பில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டார். அவர் இன்னும் அக்காவிடமே பழகுகிறார்.

எங்கள் சென்டரில் இப்போது மாமாவைச் சிலர் முடிச்சவிக்கி சார் என்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கிறார். நாய் பொம்மைக்காரருக்குப் படுத்துப் பார்த்தார், வைப்பர் மோட்டாரில் கம்பெனிக் கோளாறு, நாய் குற்றமற்றது. சந்தடி சாக்கில் நானும் என் பைக்கைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாமா என் சாவிக்கொத்தை ஸ்டோர்த் தராசில் வைத்தார். முக்கால் கிலோ.

"இது நிஜ முடிச்சுடா" என்றார். "போ."

இருபதாவது கேடயத்துக்கு அடித்த ஆணியில் இப்போது அந்தச் சிவப்பு நாடா தொங்குகிறது. யார் மாட்டினார்கள் என்று மேனேஜர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின கடிதம் மாதிரி இருக்குமோ என்று மாமா அதை அங்கே பிரிக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிரித்துப் படித்தேன். கோரிக்கை சரிதானாம், வளையம் விட்டுப்போனது அவர்கள் தப்புதானாம். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்கள். 'வீட்டுக்காரர் என்ற பதவி எங்கள் பட்டியலில் இல்லை. அவர் நிரந்தரப் பணியாளரா, தற்காலிகப் பணியாளரா என்று தெரிவிக்கவும்.'

மாமா அக்காவைப் பார்த்தார். கேட்கத் தைரியம் இல்லை, என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "அக்கா, என்ன எழுதட்டும்?"

அக்கா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நிரந்தரம்னு எழுது" என்றாள். "ஆனா இன்னும் எல் போர்டுன்னும் சேத்து எழுது."